ஓப்பன் கார் வேணுமெண்டா முதல்ல குனிஞ்சு பாருங்கோ

போன கிழமை வட்ஸப்பில ஒரு வீடியோ வந்துது.

நல்ல வடிவான ரெண்டு கதவு மொறிஸ் மைனர். கூரையோட இருக்கிற சலூன். ஒரு பெடியன் கிறைண்டரைப் பிடிச்சு, முன் கண்ணாடிக்கு மேலால தொடங்கிச் சுத்திவர வெட்டுறான். தீப்பொறி பறக்குது. பின்னால பாட்டு. கடைசியில நாலைஞ்சு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கி மதிலோட சாத்தினதும் எல்லாரும் கை தட்டுகினம்.

ஓப்பன் கார் ரெடியாம்!

சத்தியமாச் சொல்லுறன், எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

(அனுப்பினவர் என்னைச் சந்தோசப்படுத்தத்தான் அனுப்பினவர். "உன்ர கார் மாதிரியே ஒண்டு" எண்டு கீழ எழுதியும் இருந்தார். அவரில ஒரு கோவமும் இல்லை.)

அதாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா வரும். தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

முதல்ல, எனக்கு ஏன் அவ்வளவு கோவம் எண்டு சொல்லோணும்.

அந்தக் காலத்துக் கார்கள் கனக்க, லொறி மாதிரித்தான். கீழ பலமான சாசி, அதுக்கு மேல தூக்கி வைச்ச ஒரு கூடு. அப்பிடியான காரில கூரையை எடுத்தாலும் சாசி தாங்கும். மொறிஸ் மைனர் அந்த ரகமில்லை. முன்பக்கம் எஞ்சினைத் தாங்க ரெண்டு கால் ஓடுது, அவ்வளவுதான். மிச்சப் பாரம் முழுக்க உடம்பிலதான். தரை, கதவுக்குக் கீழ ஓடுற இரும்புப் பெட்டி, கதவுத் தூண், கூரை, எல்லாம் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதில கூரையை எடுத்தா மிச்சம் இருக்கிறவை தனியத் தாங்கோணும். தாங்காட்டிக் கார் நடுவால தொய்யும், பழைய கயித்துக் கட்டில் மாதிரி.

கொம்பனி செய்த ஓப்பன் மைனரிலயும் கூரை இல்லைத்தானே எண்டு கேப்பியள்.

இல்லைத்தான். ஆனா அவை சும்மா கூரையைக் கழட்டிப்போட்டு விக்கேல்லை. கதவுக்குக் கீழ ஓடுற பெட்டிக்கு (இனி இதைக் கதவடிப் பெட்டி எண்டே சொல்லுறன்) உள்ளுக்கு மேலதிகத் தகடு வைச்சவை. டாஷ்போட்டும் கதவுத் தூணும் சந்திக்கிற மூலையில முட்டுத் தகடு குடுத்தவை. மேல எடுத்த பலத்தைக் கீழ திருப்பிக் குடுத்தவை. வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்.

வெட்டுறது பாவம் எண்டு நான் சொல்லவரேல்லை. இந்தக் காரை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸே ஒருக்கா வெட்டினவர்தான். வேலை எல்லாம் முடியுற நேரம் அவருக்குக் கார் ஒடுக்கமாத் தெரிஞ்சிருக்கு. மாதிரிக் காரை நீளப்பாட்டுக்கு ரெண்டா வெட்டுவிச்சு, ரெண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளிப் பாத்து, "இப்ப சரி" எண்டு பட்ட இடத்தில நிப்பாட்டினவராம். நாலு இஞ்சி கூடியிருந்துது. அந்த நாலு இஞ்சியை இண்டைக்கும் பாக்கலாம். பொனற்றின்ர நடுவால பட்டையா ஒரு தகடு ஓடுதே, அதுதான். ஆரம்பக் கார்களில பம்பருக்கும் நடுவில துண்டு வைச்சு ஒட்டியிருக்கும்.

அவர் வெட்டினது தொழிற்சாலை ஓடத் தொடங்க முன்னம். வெட்டினதுக்கு ஏத்தமாதிரி முழுக் காரையும் திருப்பி யோசிச்சவர். 1948 இல லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில கார் வெளியில வந்த நேரம், கூரை உள்ளதும் திறந்ததும் ரெண்டும் வந்தது. திறந்த மைனர் 1969 வரைக்கும் வந்துகொண்டிருந்துது. மைனர் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 16 லட்சம். பத்து லட்சம் தாண்டின முதல் பிரிட்டிஷ் கார் அது. மைனருக்குப் பிறகுதான் அதே மனுசன் மினி காரையும் செய்தவர்.

சரி, என்ர காருக்கு வாறன். அது கொம்பனியே ஓப்பனாச் செய்த மைனர்.

நான் இருக்கிறது வெள்ளவத்தையில. மரைன் டிறைவுக்குக் கிட்ட. வெள்ளவத்தையில இருக்கிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை, அங்க கடல் எங்களுக்கு முன்னமே வீட்டுக்குள்ள வந்திரும். மே மாசம் தென்மேல் காத்துத் தொடங்கினா யன்னல் கண்ணாடியில விரல் வைச்சுப் பாருங்கோ, வழுக்கும். கேற்றின்ர பிணைச்சல் துருப்பிடிச்சுக் கத்தும். ஏசியின்ர வெளிப்பெட்டியில இருக்கிற மெல்லிய தகடு தொட்டவுடன உதிரும். அதில பழைய இரும்புக் காரை விடுறது காரைக் கடலுக்குக் குடுக்கிற மாதிரித்தான். பிளாற்றில சுத்தியல் தூக்கவும் விடமாட்டினம்.

அதால கார் நிக்கிறது கொட்டாஞ்சேனையில, ஜம்பட்டா வீதிக்குப் பின்னால, மாமா வீட்டு முத்தத்துத் தகரக் கொட்டிலுக்குள்ள. (அங்கயும் துறைமுகம் கிட்டத்தான், கடல்காத்து வரும். ஆனா நாலு பக்கமும் மதில்.) சனி ஞாயிறில காலி வீதி பஸ் பிடிச்சுப் புறக்கோட்டை, அங்கால ஓட்டோ. மாமி சமைச்ச சாப்பாட்டோட வேலை நடக்கும்.

கார் வந்த நேரம் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஹூட் எப்ப போடப்போறாய்?" ரெண்டாவது கேள்வி, "என்ன நிறம் அடிக்கப்போறாய்?"

நான் ரெண்டுக்கும் மறுமொழி சொல்லேல்லை. ஒரு காந்தம், ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு ஜாக்கி. இந்த மூண்டோட காருக்குக் கீழ போனன்.

காந்தத்தைக் கதவடிப் பெட்டியில வைச்சுக்கொண்டு போங்கோ. ஒட்டினா இரும்பு. ஒட்டாம விழுந்தா அந்த இடம் புட்டி. மேல பெயின்ற் மினுங்கும், உள்ளுக்கு ஒண்டும் இருக்காது. என்ரயில சாரதிப் பக்கம் பின்சில்லுக்குக் கிட்டக் காந்தம் பொத்தெண்டு விழுந்துது. ஸ்குறூ டிறைவரால குத்தினன், கைபிடி வரைக்கும் போச்சுது.

அடுத்தது கதவுச் சோதனை. இதை வடிவாக் கவனியுங்கோ, இந்தப் பதிவில உங்களுக்கு ஒரே ஒரு விசயம் ஞாபகம் நிண்டாலும் இதுதான் நிக்கோணும். கதவைப் பூட்டுங்கோ. கதவின்ர பின் விளிம்புக்கும் உடம்புக்கும் இடையில இருக்கிற நீக்கலைப் பாருங்கோ. மேலயும் கீழயும் ஒரே அளவா? இப்ப காரை ஜாக்கியில ஏத்துங்கோ. திருப்பிப் பாருங்கோ. நீக்கல் அப்பிடியே நிண்டாக் கார் சுகமா இருக்கு. மேல ஒடுங்கினா, விரிஞ்சா, கதவு திறக்க மாட்டன் எண்டு பிடிச்சா, கார் உங்கட கண்ணுக்கு முன்னால வளையுது எண்டு அர்த்தம்.

என்ர கார் வளைஞ்சுது.

ரிங்கர் பாஸ் ஒருத்தர் வந்து பாத்தார். கொட்டாஞ்சேனை ஆள், மொறிஸ், ஒஸ்ரின் எல்லாம் சின்ன வயசில இருந்து கைபட்டவர். கீழ படுத்து எழும்பி, கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னது:

"தம்பி, கூரை இருக்கிற காருக்கு ஒரு பக்கத்தை முழுசா வெட்டி எறிஞ்சுபோட்டு ஒட்டலாம். இதுக்கு ஏலாது. ஒரு சாண் வெட்டு, ஒரு சாண் ஒட்டு."

அப்பிடித்தான் செய்தம். முதல்ல நாலு மூலைக்கும் கட்டை குடுத்துக் காரை மட்டமா நிப்பாட்டினது. பிறகு உள்பக்கத்தால முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கால அங்கிள் இரும்பை வெல்ட் பண்ணி இறுக்கினது. கதவு ரெண்டும் பூட்டினபடி. நீக்கலுக்குள்ள தீக்குச்சி ஒண்டை வைச்சிருந்தம். ஒரு துண்டு ஒட்டி முடிஞ்சதும் அந்தத் தீக்குச்சி அதே மாதிரி லேசாப் போய் வந்தாத்தான் அடுத்த துண்டு. இறுகினாக் கட்டையைச் சரிசெய்து, ஆறவிட்டு, திருப்பியும் பாக்கிறது. வெல்டிங் சூட்டில இரும்பு இழுக்கும். அவசரப்பட்டாக் கார் அந்த வளைவோடயே இறுகிப்போகும். பிறகு சாகும்வரைக்கும் கதவு சரியாப் பூட்டாது.

ஆக மெதுவான வேலை. ஆக வடிவான வேலை. கடைசித் துண்டு ஒட்டி, அங்கிள் இரும்பை வெட்டி எடுத்து, கட்டையை இழுத்துப்போட்டுக் கதவைத் திறந்து பூட்டினம். 'டக்' எண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு மாமி குசினியில இருந்து வெளியில வந்து "என்ன, புதுக் கதவே?" எண்டு கேட்டா.

தரைக்கு நடுவில குறுக்கால ஓடுற பெட்டியையும் விடாதேங்கோ. மைனரின்ர முன் சஸ்பென்சன் சுருள் ஸ்பிறிங் இல்லை. நீட்டுக்கு ஓடுற முறுக்குக் கம்பி. அந்தக் கம்பியின்ர பின்நுனி அந்தக் குறுக்குப் பெட்டியிலதான் பிடிச்சிருக்கு. அது உக்கினா முன்சில்லுக்கே பிடி இல்லை. சீற் பெல்ற் போடுற ஆக்களுக்கும் இதைத்தான் சொல்லுறன். (கட்டாயம் போடுங்கோ.) உக்கின தரையில பூட்டின பெல்ற் ஆரையும் காப்பாத்தாது.

சாமானுக்கு எங்க போறது?

கொழும்பில இதென்ன கேள்வி. பஞ்சிகாவத்தை.

அங்க ஒரு கடையில இல்லையெண்டா அடுத்த கடைக்காரருக்கு ஆரிட்ட இருக்கு எண்டு தெரியும். பெயர் தெரியாட்டிப் பழைய சாமானைக் கையில கொண்டு போங்கோ. மேசையில வைச்சாப் போதும், பாத்தவுடன சொல்லுவினம். (ஒரு கடையில எனக்குப் பழைய மாஸ்ரர் சிலிண்டரைத் துடைச்சுப் புதுசெண்டு தந்தவை. அதால ஒரு புத்தி: றப்பரை அமத்திப் பாக்காம பிறேக் சாமான் வாங்காதேங்கோ.)

கனபேருக்குத் தெரியாத ஒரு விசயம். மொறிஸ் மைனர் உடம்புத் தகடுகளை ஒரு காலத்தில இலங்கையில செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினவை! பாத் நகரத்தில மொறிஸ் மைனர் சென்ரர் நடத்தின சார்ல்ஸ் வெயாரும், எங்கட நாட்டுத் தனபால சமரசேகரவும் சேர்ந்து 1990களின்ர தொடக்கத்தில டியூரபிள் கார் கொம்பனி எண்டு ஒண்டைத் தொடங்கினவை. கார் பிறந்த நாட்டில இருக்கிற மைனருக்கு எங்கட ஆக்கள் அடிச்ச தகடு. இதை நான் வாசிச்சு அறிஞ்ச நேரம் முழு வீட்டையும் கூப்பிட்டுச் சொன்னனான். உலகத்தில ஆரிட்ட இல்லாட்டியும் இந்தக் கை எங்களிட்ட இருக்கு.

ஏன் இருக்கு? வேற வழி இல்லாதபடியாத்தான். அறுபதுகளில இருந்து 1977 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு, புதுக் கார் லேசில வராது. இருக்கிறதைத்தான் திருத்தி ஓடவேணும். பிறகு திறந்த பொருளாதாரத்தோட யப்பான் கார் வந்து குவிஞ்சுது. 2020 மார்ச்சில திருப்பியும் பூட்டு, தனியார் கார் வர 2025 பெப்ரவரி ஆச்சுது. அந்தந்தக் காலத்திலயெல்லாம் இந்தப் பாஸ்மார்தான் நாட்டை ஓடவைச்சவை.

யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லவே வேணும்? 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோல், காபுரேற்றருக்குள்ள. எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். றோட்டு முழுக்க அந்த மணம். பழைய எஞ்சினில கொம்பிறெசன் குறைவு, அதால தாங்கிச்சுது. இப்பத்தைய எஞ்சின் ஒண்டு தாங்குமோ? எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதால ஒயிலை அடிக்கடி மாத்தோணும். இதையெல்லாம் ஒரு புத்தகமும் சொல்லிக் குடுக்கேல்லை. எங்கட ஆக்கள் தாங்களே கண்டுபிடிச்சவை. அந்தக் காலத்தில ஹயர் கார் ஓடின ஐயாமார் இப்பவும் இருக்கினம். ஆராவது பக்கத்தில இருந்து கேட்டு எழுதி வையுங்கோ.

இப்ப மாத்துற வேலைக்கு வருவம். நான் மாத்துறதுக்கு எதிரியில்லை. எனக்கு மாத்தச் சரியான விருப்பம்.

முதலாவது பிறேக். மைனரின்ர மாஸ்ரர் சிலிண்டர் இருக்கிறது சாரதியின்ர காலுக்குக் கீழ, தரைக்கு அடியில. கார்ப்பெற்றைத் தூக்கி, ஓட்டைக்குள்ளால ஒயில் விடவேணும். ஒரு மழைக்கு றோட்டில முழங்கால் தண்ணி நிக்கிற கொழும்பில இது சரிவராது. நான் ஒயில் போத்தலைத் தனியா எஞ்சின் பக்கம் கொண்டுவந்து குழாய் குடுத்திருக்கிறன். பொனற்றைத் திறந்தாக் கண்ணுக்கு நேர தெரியும். முன் பிறேக்கும் மாத்தினன். 1962 இல 1098 சிசி எஞ்சினோட வந்த எட்டு இஞ்சி ட்றம் பழைய காருக்கும் போடலாம். டிஸ்க் போடுற ஆக்களும் இருக்கினம், நல்லது.

ரெண்டாவது கறண்ட். அந்தக் காலத்து லூகாஸ் வேலையில பற்றரியின்ர பிளஸ் பக்கம்தான் உடம்புக்குப் போகும். இப்பத்தைய சாமான் எல்லாம் மைனஸ். போன் சார்ஜரைப் பூட்டினாப் புகைதான் வரும். பற்றரி வயரை மாத்தி, கொயில் வயரையும் மாத்தி, டைனமோவுக்குத் திருப்பித் துருவம் குடுத்தாச் சரி. பேந்து டைனமோவைக் கழட்டி ஒல்ரனேற்றர் போட்டன். இரவில மழைக்குள்ள லைற்றும் வைப்பரும் ஒண்டா ஓடுது.

மூண்டாவது எஞ்சின். இலங்கையில 2002 இல ஈயம் கலந்த பெற்றோல் நிண்டுபோச்சுது. பழைய ஹெட்டில வால்வு குந்துற இடம் அந்த ஈயத்தை நம்பிச் செய்தது. ஹெட்டைக் கழட்டின கையோட உரமான வால்வு சீற் போடுவிச்சிட்டன். ஆனா எஸ்.யூ. பெற்றோல் பம்பை மாத்தேல்லை. சாவி போட்டதும் 'டிக் டிக் டிக்' எண்டு அடிச்சு, காபுரேற்றர் நிரம்பினதும் நிக்கும். அந்தச் சத்தத்தில அரைவாசி வருத்தம் கண்டுபிடிக்கலாம். நிக்காம அடிச்சா எங்கயோ ஒழுகுது, அல்லது ராங்கில பெற்றோல் முடிஞ்சுது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஹூட். அதில எனக்கு நடந்தது ஒரு சந்தோசமான கதை.

ஓப்பன் காருக்கு ஹூட் தைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு எல்லா இடமும் விசாரிச்சன். வெளிநாட்டில இருந்து தைச்ச ஹூட் எடுக்கலாம், விலை கேட்டாத் தலை சுத்தும். ஒரு பின்னேரம் ஓட்டோவில வரேக்க மழை. சைட் சீலை இறக்கி விட்டிருக்கு. ஒரு சொட்டு உள்ளுக்கு இல்லை. மேல பாத்தன். றெக்சின் ஹூட், இறுக்கமா, நேரான தையல்.

கொழும்பில ஆகக் கூடுதலா ஓடுற ஓப்பன் வண்டி ஓட்டோதானே!

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓட்டோவுக்கு ஹூட் அடிக்கிற குஷன் கடை ஒண்டுக்குப் போனன். கடைக்காரர் காரைச் சுத்தி ஒருக்கா நடந்தார். பழைய ஹூட்டைத் தையல் பிரிச்சு, அதையே அச்சா வைச்சு வெட்டினார். பருத்தி நூல் வேண்டாம், உக்கும், நைலோன் நூல்தான் எண்டார். மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு மேல விழோணும், தண்ணி போற பக்கம் பாத்து. முன்னால கண்ணாடிக்கு மேல வாற மரச் சட்டம் உக்கியிருந்துது, அதைத் தச்சு ஆசாரி தேக்கில செய்து தந்தார். ஹூட்டை இழுத்துப் பூட்டினது நல்ல மத்தியான வெயிலில. றெக்சின் சூட்டில இளகும், அந்த நேரம் இழுத்து அடிச்சாப் பிறகு தொங்காது. "ஈரத்தோட மடிக்காதேங்கோ, பூஞ்சணம் பிடிக்கும்" எண்டு ரெண்டு தரம் சொல்லி அனுப்பினார். மழையை இவ்வளவு தெரிஞ்ச மனுசனை நான் வேற எங்க தேடுறது?

நிறம்? கடும் பச்சை. புத்தகத்தில இருக்கிற நிறத்தை விட்டு வேற அடிச்சா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிய வேணும், மறந்திடாதேங்கோ. இலக்கத் தகட்டை மட்டும் நான் தொடேல்லை. தகட்டில சிங்கள ஸ்ரீ எழுத்து வர முன்னம் குடுத்த ஆங்கில எழுத்து இலக்கம். 1957 இல தொடங்கின ஸ்ரீ எதிர்ப்பும் அடுத்த வருசம் எழுத்துகளில பூசின தாரும் எங்கட சனம் மறக்காத விசயம். வயசான ஆக்கள் சிக்னலில நிண்டு முதல்ல பாக்கிறதும் அந்தத் தகட்டைத்தான். அதைப் பாத்துத் தாங்களாக் கதை சொல்லத் தொடங்குவினம்.

நான் கழட்டினது எல்லாம் மாமா வீட்டில ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கு. டைனமோ, பழைய ட்றம், பழைய வயர் கட்டு, எல்லாத்திலயும் பெயர் எழுதின துண்டு. நாளைக்கு இந்தக் காரை வைச்சிருக்கப் போறவருக்குப் பழையபடி வேணுமெண்டா ஒரு ஸ்பனரோட முடியோணும். நான் வைச்சிருக்கிற சட்டம் இது ஒண்டுதான். ஸ்பனரால திருப்ப ஏலுமெண்டா மாத்து. கிறைண்டரால மட்டும்தான் ஏலுமெண்டா விடு.

கூரை உள்ள மைனர் வைச்சிருக்கிற தம்பிமாரே, அது முழுக் கார். அதில ஒரு குறையும் இல்லை. யன்னலை இறக்கிவிட்டு மரைன் டிறைவில ஓடுங்கோ, காத்து வரும். ஓப்பன்தான் வேணுமெண்டா, கொம்பனி ஓப்பனாச் செய்தது தேடினாக் கிடைக்கும். பாக்கப் போகேக்க காந்தமும் ஜாக்கியும் கொண்டு போங்கோ. விக்கிறவர் ஜாக்கி வைக்க விடாட்டி ஹூட் எவ்வளவு வடிவா இருந்தாலும் காசைப் பொக்கற்றிலயே வைச்சுக்கொண்டு வாங்கோ. வைக்க விட்டு, கதவும் 'டக்' எண்டு பூட்டினா, பேரம் பேசி நேரத்தை வீணாக்காதேங்கோ.